இங்கிலாந்து ஸ்கூல்ல வாலண்டியர் பண்ண டிபிஎஸ் (குற்றப்பதிவு செக்) கேக்கறாங்க, மாற்றுத்திறனாளின்னா மெடிக்கல் ஹிஸ்டரியும் அதுல வருமா?

மீனா_ஹாரோ:

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் பக்கம் இருக்கேன், சொந்த ஊர் மதுரை. சின்ன வயசுல போலியோ வந்ததால ரெண்டு காலும் பலம் கிடையாது, வீட்டுக்குள்ள கேலிபர் (காலுக்கு கட்டற தாங்கி) போட்டு நடந்துக்குவேன், வெளிய போனா வீல்சேர்தான். பொண்ணு படிக்கிற ப்ரைமரி ஸ்கூல்ல வாரத்துல ஒரு காலைல இயர் டூ (ஆறு, ஏழு வயசு) பசங்களோட உக்காந்து புக் வாசிக்க ஆள் வேணும்னு நியூஸ்லெட்டர்ல போட்டிருந்தாங்க, ரொம்ப நாள் ஆசைங்கறதால உடனே பேர் குடுத்துட்டேன்.

இப்ப ஆபீஸ்ல இருந்து ஒரு கட்டு ஃபார்ம் வந்திருக்கு. டிபிஎஸ் லிங்க் ஓகே. அதோட ஒரு ஹெல்த் ஃபார்ம், என்ன மருந்து சாப்பிடுறீங்க, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகியிருக்கீங்களா, மனசு சம்பந்தமா ட்ரீட்மென்ட் எடுத்திருக்கீங்களான்னு கேட்டு, "டிபிஎஸ் ப்ராசஸுக்காக" அப்படின்னு தலைப்புலயே போட்டிருக்காங்க. பொண்ணு பொறந்தப்புறம் எனக்கு டிப்ரஷன் இருந்துச்சு, மாத்திரை எடுத்தேன், இப்ப இல்ல. அதெல்லாம் டிபிஎஸ்ல வந்து நிக்குமா? வந்தா பேரை வாபஸ் வாங்கிடலாமான்னு யோசிக்கறேன், ஏன்னா அதே ஆபீஸ்ல இருக்கறவங்கதான் தினம் கேட்ல என்னை பாக்கறவங்க.

இன்னும் சில டவுட். வெளிய போறப்ப ஏஜென்சில இருந்து எனக்கு உதவி பண்ற பிஏ (பர்சனல் அசிஸ்டன்ட்) ஒருத்தர் கூட வருவாங்க, அவங்களுக்கும் டிபிஎஸ் வேணுமாம். அவங்ககிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அது செல்லாதுங்கறாங்க, ஏன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது, கரண்ட் பில் கேஸ் பில் எல்லாம் வீட்டுக்காரர் பேர்ல, ஐடிக்கு என்ன பண்றது? நடுவுல அம்மாவுக்கு முடியாம கொஞ்ச மாசம் மதுரைல இருந்தேன், அதையும் காட்டணுமா? அப்புறம் பிப்ங்கற மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கறேன், வாலண்டியரா போனா "வேலை பாக்க முடியுதே"ன்னு நிறுத்திருவாங்கன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

க்ராய்டன்_குமார்:

எல்லாமே வரும் மேடம். என்ஹான்ஸ்டுன்னா (டிபிஎஸ்லயே விரிவான செக்) ஜிபி, அதான் குடும்ப டாக்டர், ரெக்கார்டு வரைக்கும் தோண்டிடுவாங்கன்னு என் ஃப்ரெண்டு சொன்னான். எதுக்கு வம்பு, ஸ்கூல் ஃபேர்ல கேக் ஸ்டால் போட்டு ஹெல்ப் பண்ணுங்க போதும்.

பழைய_கவர்னர்:

குமார், தெரியாம பயமுறுத்தாதீங்க. டிபிஎஸ்க்கும் ஜிபிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் ஒரு ஸ்கூல்ல கவர்னர் (நிர்வாகக் குழு உறுப்பினர்), சேஃப்கார்டிங், அதான் குழந்தைகள் பாதுகாப்பு பக்கம்தான் பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மீனா, டிபிஎஸ்ல வர்றது குற்றம் சம்பந்தப்பட்டது மட்டும். தண்டனை, போலீஸ் காஷன் (போலீஸ் பதிவு பண்ற எச்சரிக்கை), என்ஹான்ஸ்டுன்னா அதுக்கு மேல லோக்கல் போலீஸ் கையில இருக்கற தகவல்ல இந்த வேலைக்கு சம்பந்தம் உள்ளதுன்னு அவங்க நினைக்கறது, அப்புறம் தேவைப்பட்டா குழந்தைகளோட வேலை செய்யக்கூடாதுன்னு தடை போட்டவங்க லிஸ்ட். அவ்ளோதான். மாத்திரை, டிப்ரஷன், போலியோ, பிப் எதுவும் அந்த பேப்பர்ல வராது, வர வழியும் இல்ல. இந்த செக் இவ்ளோ கெடுபிடியா ஆனதே 2002-ல சோஹம்ங்கற ஊர்ல ரெண்டு சின்ன பொண்ணுங்க கொலையானதுக்கு அப்புறம். கொலை பண்ணின அந்த ஊர் ஸ்கூல் கேர்டேக்கர் மேல வேற ஊர்ல ஏற்கனவே போலீசுக்கு வந்திருந்த புகாருங்க எதுவும் வேலை குடுத்தவங்க கண்ணுக்கு போகல, அதை விசாரிச்ச பிச்சார்ட் கமிஷன் அதைத்தான் 2004-ல புட்டு புட்டு வெச்சது. போலீஸ்கிட்ட இருக்கற தகவல் ஸ்கூலுக்கு போய் சேரணும்ங்கறதுக்காக வந்த ஏற்பாட்டுல வீல்சேரும் மாத்திரையும் எங்க இருந்து வந்துச்சு?

அந்த ஹெல்த் ஃபார்ம் பெரும்பாலும் ஸ்டாஃபுக்கு குடுக்கற ஃபார்ம் கட்டுல இருந்து அப்படியே காப்பி அடிச்சதா இருக்கும், பல ஆபீஸ்ல இதான் கதை. சம்பள வேலைன்னாகூட ஈக்வாலிட்டி ஆக்ட் 60-வது பிரிவுப்படி வேலை ஆஃபர் பண்றதுக்கு முன்னாடி பொத்தாம்பொதுவா உடம்பை பத்தி கேக்கக்கூடாது. ஆனா உங்களுக்கு ஒரு கசப்பான விஷயம் சொல்லணும், அந்த பிரிவு வாலண்டியருக்கு நேரா பொருந்தாது. 2012 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் மிட் சஸெக்ஸ் சிட்டிசன்ஸ் அட்வைஸ் ப்யூரோ கேஸ்ல தெளிவா சொல்லிட்டாங்க, எச்ஐவி இருந்த ஒரு வாலண்டியர் போட்ட கேஸ் அது, கான்ட்ராக்ட் இல்லாத வாலண்டியருக்கு வேலை சம்பந்தமான பாகுபாடு சட்டம் பாதுகாப்பு தராதுன்னு. அதனால "கேஸ் போடுவேன்"னு மெயில் போட்டு பிரயோஜனம் இல்ல. நான்னா இப்படி கேப்பேன்: உடல்நல தகவல் டேட்டா ப்ரொடெக்ஷன் சட்டத்துல ஸ்பெஷல் கேட்டகரி, இதை எதுக்கு வாங்கறீங்க, யார் பாப்பாங்க, எவ்ளோ நாள் வெச்சிருப்பீங்க, எழுத்துல சொல்லுங்க. அதோட பொதுத்துறை சமத்துவ கடமை ஸ்கூலுக்கு உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு சம வாய்ப்பு கிடைக்குதான்னு அவங்க யோசிச்சே ஆகணும், அந்த வார்த்தையை ஒரு வரி போட்டாலே பிசினஸ் மேனேஜர் ஃபைலை திரும்ப எடுத்து பாப்பாங்க.

அவங்க கேக்க வேண்டிய நியாயமான கேள்வி ஒண்ணே ஒண்ணு இருக்கு, ஃபயர் அலாரம் அடிச்சா உங்களை எப்படி வெளிய கொண்டு வர்றதுன்னு. அதுக்கு பீப்னு ஒரு ப்ளான் போடுவாங்க. லைப்ரரி மாடில இருந்தா லிஃப்ட் அந்த நேரம் ஓடாது, அதனால வாசிக்கற இடத்தையே கீழ மாத்தச் சொல்லுங்க. அதுக்கு உங்க மருந்து லிஸ்ட் எதுக்கு?

டிபிஎஸ் லெவலையும் கேட்டு வெச்சுக்கங்க. டீச்சரோ டிஏவோ (டீச்சருக்கு உதவியாளர்) கண் முன்னாடி இருக்கறப்ப நீங்க பசங்களோட வாசிச்சா அது "ரெகுலேட்டட் ஆக்டிவிட்டி" (தடை லிஸ்ட்ல இருக்கறவங்க செய்யக்கூடாத வேலை) இல்ல, ஸ்கூல் ஒரு ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதி என்ஹான்ஸ்டு வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம், தடை லிஸ்ட் பாக்க அதிகாரமே கிடையாது. தனியா வாராவாரம்னா என்ஹான்ஸ்டு ப்ளஸ் தடை லிஸ்ட். இதுதான் நான் பாத்த வரைக்கும் நடைமுறை, ஆனா இந்த சூப்பர்விஷன் விலக்கை எடுக்கப்போறதா 2025-ல அரசாங்கம் சொல்லிடுச்சு, அதனால நீங்க போடற தேதில எது ரூல்னு ஸ்கூல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. எதுவா இருந்தாலும் லெவலை தீர்மானிக்கறது என்ன வேலை, எவ்ளோ அடிக்கடி, யார் கூட இருக்காங்கங்கறதுதான். உங்க கால் இல்ல.

பேர்_வேண்டாம்:

த்ரெட் ஸ்டார்ட் பண்ணவங்களுக்காக மட்டும் இல்ல, படிக்கற வேற யாருக்காவதும் யூஸ் ஆகும்னு எழுதறேன். எனக்கு பைபோலார். சில வருஷம் முன்னாடி ரொம்ப மோசமா இருந்தப்ப ராத்திரி ரோட்ல போலீஸ்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போச்சு, மனநல சட்டம் (மென்டல் ஹெல்த் ஆக்ட்) 136-வது பிரிவுல. நான் யாரையும் ஒண்ணும் பண்ணல, குற்றமும் இல்ல. ஆனா "போலீஸ்கிட்ட இருக்கற தகவல்"னு கவர்னர் சொன்னாரே, அந்த வரிதான் எங்க மாதிரி ஆளுங்களுக்கு வயித்துல புளிய கரைக்கறது.

விஷயம் என்னன்னா, 2015 ஆகஸ்ட்ல ஹோம் ஆபீஸ் போலீசுக்கு குடுத்த வழிகாட்டுதலை மாத்தினாங்க. அந்த சட்டத்தோட 135, 136-வது பிரிவுல பிடிச்சாங்கங்கறது மட்டுமே டிபிஎஸ்ல போடறதுக்கு போதாதுன்னு அதுல இருக்கு. அடுத்தவங்களுக்கு ஆபத்து பண்ணின மாதிரி ஏதாவது இருந்தாதான் யோசிப்பாங்க. அப்படி ஏதாவது போடப்போறாங்கன்னாலும் முதல்ல நமக்கு லெட்டர் போட்டு என்ன சொல்றீங்கன்னு கேக்க வாய்ப்பு இருக்கு, போட்டப்புறமும் இன்டிபென்டன்ட் மானிட்டர்னு ஒருத்தர்கிட்ட போய் எடுக்க சொல்லி கேக்கலாம்.

எனக்கு அந்த பேப்பர் வந்தப்ப போலீஸ் தகவலுக்கான கட்டத்துல ஒண்ணும் இல்ல, "நன் ரெக்கார்டட்" (பதிவு எதுவும் இல்ல). இன்னொண்ணு, சர்டிஃபிகேட் வர்றது உங்க வீட்டு அட்ரஸுக்குதான், உங்க பேருக்குதான். நீங்க படிச்சு பாத்துட்டுதான் ஸ்கூல்ல காட்டப்போறீங்க. அதுல பிடிக்காத ஏதாவது இருந்தா காட்டாமலே "வரலங்க"ன்னு சொல்லிடலாம்.

ஈஸ்ட்ஹாம்_யாழ்:

வணக்கம் அக்கா. நாங்கள் இஞ்ச சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துறம், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையளை வாடகைக்கு எடுத்து. டிபிஎஸ் இல்லாமல் ஒருத்தரையும் பிள்ளையளோட விடுறேல்ல. எங்களைப்போல சின்ன அமைப்பு நேர டிபிஎஸ்ஸிட்ட போகேலாது, அம்பிரெல்லா பொடி எண்டு நடுவில ஒரு ஆக்கள், அவையள் மூலமாத்தான். தொண்டருக்கு டிபிஎஸ் காசு எடுக்காது, ஆனால் அந்த நடு ஆக்கள் தங்கட கூலி எண்டு கொஞ்சம் எடுப்பினம், அதை உங்களிட்ட கேட்டால் பள்ளிக்கூடம்தான் கட்டோணும் எண்டு சொல்லுங்கோ.

மதுரை விசயம். விண்ணப்பத்தில 5 வருச விலாசம் கேப்பினம், நடுவில ஒரு இடைவெளியும் இருக்கக்கூடாது. சும்மா போய் அம்மாவோட நிண்டுட்டு வந்ததோ இல்லாட்டி அங்கயே குடியிருந்த மாதிரியோ எண்டதைப் பாருங்கோ, இஞ்ச வீடு வாசல் அப்பிடியே இருந்து நீங்கள் போய் நிண்டது எண்டால் உங்கட ஹாரோ விலாசம்தான் உங்கட விலாசம். சந்தேகம் எண்டால் பள்ளிக்கூடத்திட்ட மறைக்காமல் சொல்லிவிடுங்கோ. டிபிஎஸ் வெளிநாட்டுக் குற்றப்பதிவைப் பாக்காது, அதாலதான் வெளிநாட்டில இருந்த ஆக்களிட்ட அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் கேக்கினம். இந்தியாவுக்கு பிசிசி எண்டு விஎஃப்எஸ் எண்ட விண்ணப்ப நிலையம் மூலமாப் போடலாம்.

இதில எனக்குக் கோவம் வாற விசயம் ஒண்டு இருக்கு. எங்களோட ஒரு ஐயா இருக்கிறார், ஷெல் பட்டு வலக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, செஸ் எண்டால் அப்பிடி ஒரு கெட்டிக்காரன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு செஸ் பழக்கலாம் எண்டு போனவர். இலங்கைப் பொலிசிட்ட கிளியரன்ஸ் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டினம். அகதியா ஓடி வந்த மனுசன், விட்டிட்டு வந்த அந்தப் பொலிசிட்டையே போய் நல்லவன் எண்டு கடிதம் கேக்கிறதோ? ஐயா வாய் திறக்காமல் வந்திட்டார். நான்தான் போய்க் கதைச்சனான். அரசாங்கத்தின்ர சேஃப்கார்டிங் வழிகாட்டலிலயே இருக்கு, வெளிநாட்டுச் சான்றிதழ் எடுக்கேலாது எண்டால் வேற வழியால விசாரிச்சு, ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதி முடிவெடுக்கலாம் எண்டு. இஞ்ச அவரைத் தெரிஞ்ச ரெண்டு பேரிட்ட ரெஃபரன்ஸ் வாங்கி, டீச்சர் ஒராள் எப்பவும் கூட இருக்கிற மாதிரி வைச்சுக் கடைசியா விட்டவை. இப்ப பெடியள் அவரை விடுறாங்கள் இல்லை.

சட்டன்_அப்பா:

இதே த்ரெட்ல நானும் ஒரு கேள்வி கேட்டுக்கறேன். என் பையனுக்கு 22, டவுன் சிண்ட்ரோம். லோக்கல் ஸ்கூல் லைப்ரரில புக் அடுக்க, ஸ்டாம்ப் போட ரொம்ப ஆசை, டீச்சரும் சரின்னுட்டாங்க. டிபிஎஸ் ஃபார்மை அவனுக்கு பதிலா நான் ஃபில் பண்ணலாமா? அவன் பேர்ல எந்த பில்லும் கிடையாது, இருக்கற ஒரே ஐடி பாஸ்போர்ட். மீனா மேடம் கேட்ட ஐடி கேள்விக்கும் இதுல பதில் வந்துடும்னு நினைக்கறேன்.

பழைய_கவர்னர்:

பக்கத்துல உக்காந்து டைப் பண்ணி குடுங்க சார், தப்பே இல்ல. ஆனா எதுக்குன்னு அவருக்கு புரியற மாதிரி சொல்லி அவர் சரின்னு சொல்லணும், அப்ளிகேஷன் அவரோடது. ஸ்கூல்ல ஐடி செக் பண்றப்ப கேள்வியை உங்களை பாத்து கேட்டாங்கன்னா அவரை பாத்து கேக்க சொல்லுங்க, இது எங்க ஸ்கூல்லயே நான் சொல்லித்தான் மாத்தினாங்க.

ஐடி: டிபிஎஸ் ஐடி லிஸ்ட்ல பாஸ்போர்ட் முதல் குரூப். அதோட இன்னும் ரெண்டு வேணும், எதுலயாவது ஒண்ணுல இப்ப இருக்கற அட்ரஸ் இருக்கணும். பேங்க் ஸ்டேட்மென்ட் 3 மாசத்துக்குள்ளது, கவுன்சில் டாக்ஸ் 12 மாசத்துக்குள்ளது, மொபைல் பில் எடுத்துக்க மாட்டாங்க. டிடபிள்யூபில (உதவித்தொகை குடுக்கற அரசு துறை) இருந்து வர்ற பெனிஃபிட் லெட்டர் 3 மாசத்துக்குள்ளதுன்னா ஓகே, அதனால மீனா, பிப் லெட்டர் பழசா இருந்தா ஃபோன் பண்ணி புதுசு ஒண்ணு அனுப்ப சொல்லுங்க. பேங்க்ல ஜாயின்ட் அக்கவுன்ட் இருந்தா உங்க பேர்ல தனி ஸ்டேட்மென்ட் கேளுங்க. பையனுக்கு பாஸ் (PASS) லோகோ போட்ட வயசு சான்று கார்டு ஒண்ணு வாங்கி வைங்க, அதுவும் லிஸ்ட்ல இருக்கு, பஸ்லயும் உதவும். இந்தியால வாங்கின மாற்றுத்திறனாளி கார்டு இங்க செல்லாது. எதுவுமே தேறலன்னா கடைசியா போலீஸ் ஸ்டேஷன் போய் கைரேகை குடுக்கற வழி இருக்கு, ஆனா அதுக்கு நாளாகும், வீல்சேர் வெச்சுகிட்டு ஒரு அலைச்சலும்.

திரைவாசிப்பான்_ரவி:

எனக்கு கண்ணு பாதிக்கு மேல தெரியாது, ஒரு செகண்டரி ஸ்கூல்ல மேத்ஸ் சொல்லித்தர போறேன். யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். அப்ளிகேஷன் எல்லாம் ஆன்லைன், ஸ்க்ரீன் ரீடர்ல ஒரு மாதிரி ஓட்டிடலாம், ஆனா சர்டிஃபிகேட் மட்டும் இன்னும் பேப்பர்லதான் தபால்ல வருது, அது ஜங்க் மெயில் கட்டோட கட்டா கிடக்கும். டிபிஎஸ்லயே அப்டேட் சர்வீஸ்னு ஒண்ணு இருக்கு, வாலண்டியருக்கு ஃப்ரீ, அதுல சேந்துட்டா அடுத்த ஸ்கூலுக்கு போறப்ப திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம். ஆனா சர்டிஃபிகேட் தேதில இருந்து 30 நாளைக்குள்ள சேரணும். யாராவது வந்து தபாலை படிச்சு சொல்ற வரைக்கும் காத்திருந்தா அந்த 30 நாள் போயே போச்சு. அதனால அப்ளிகேஷன் போட்ட அன்னிக்கே ரெஃபரன்ஸ் நம்பரை வெச்சு ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, அப்படி பண்ண விடறாங்க. சர்டிஃபிகேட் வந்ததும் மேல இருக்கற 12 டிஜிட் நம்பரை ஃபோன்ல சேவ் பண்ணிக்கங்க.

பிப் பத்தி. பிப்ங்கறது வேலை பாக்கறவங்களுக்கும் குடுக்கறதுதான், நான் வேலைக்கும் போறேன் பிப்பும் வாங்கறேன். வாரத்துல ஒரு காலை புக் வாசிக்கறதால அது நிக்காது. யூனிவர்சல் க்ரெடிட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான உதவித்தொகை) இருந்தா அதோட ஆன்லைன் ஜர்னல்ல ஒரு வரி எழுதி வைங்க. பஸ் காசு, டாக்ஸி காசு ஸ்கூல் திருப்பி குடுத்தா அது சம்பளம் இல்ல. ஆனா அக்சஸ் டு வொர்க்ல (மாற்றுத்திறனாளிகள் வேலைக்கு போக அரசு உதவி) இருந்து டாக்ஸி கிடைக்குமான்னு பாக்காதீங்க, அது சம்பள வேலைக்கு மட்டும்.

க்ராய்டன்_குமார்:

சரி சரி, ஃப்ரெண்டு சொன்னது தப்புன்னு புரியுது. ஆனா கேக் ஸ்டாலுக்கு டிபிஎஸ் வேணாம்ல?

மீனா_ஹாரோ:

குமார் அண்ணா, கேக் ஸ்டாலும் போடறேன், நீங்க வந்து வாங்குங்க.

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கவர்னர் சார் சொன்ன மாதிரியே மெயில் போட்டேன், "எதுக்கு, யார் பாப்பாங்க, எவ்ளோ நாள்"னு. சாயங்காலமே பதில் வந்துச்சு, ஹெல்த் ஃபார்ம் தவறுதலா அட்டாச் ஆயிடுச்சாம், ஃபில் பண்ண வேணாமாம். தவறுதலாவாம்! இதுக்கு முன்னாடி எத்தனை பேர் வாயை மூடிக்கிட்டு நிரப்பி குடுத்தாங்களோ. லைப்ரரி மாடில தான் இருக்காம், கீழ ஹால் ஓரத்துல ஒரு ரீடிங் கார்னர் போட்டு தர்றேன்னாங்க. டிஏ கூடவே இருப்பாங்களாம்.

பிஏ விஷயம் மட்டும் இன்னும் இழுக்குது. அவங்ககிட்ட இருக்கற சர்டிஃபிகேட்டை பாத்தேன், என்ஹான்ஸ்டுதான், போன வருஷம் எடுத்தது. அப்ப ஏன் செல்லாது?

பழைய_கவர்னர்:

அதுல "அடல்ட் வொர்க்ஃபோர்ஸ்"னு போட்டிருக்கும் பாருங்க. ஏஜென்சி அவங்களை பெரியவங்களை பாத்துக்கற வேலைக்குதான் செக் பண்ணியிருக்கு, குழந்தைகள் பக்கம் தேடியிருக்க மாட்டாங்க, அதான் ஸ்கூல் தயங்குது. ஆனா அதுக்காக ஸ்கூல் உடனே சைல்ட் வொர்க்ஃபோர்ஸ் செக் போட்டுடவும் முடியாது, அவங்க வர்றது உங்களுக்கு உதவ, பசங்களுக்கு இல்ல, அதனால அந்த செக்குக்கு தகுதியே இல்லாம போகலாம், தகுதி இல்லாத லெவல்ல கேக்கறது சட்டப்படி தப்பு. ஸ்கூலையே எழுத சொல்லுங்க, இவங்க எந்த வேலையின் பேர்ல எந்த லெவலுக்கு தகுதின்னு. பெரும்பாலும் எழுத வராது. அப்ப ரிஸ்க் அசெஸ்மென்ட்ல பிஏ விசிட்டர், ரிசப்ஷன்ல கையெழுத்து போட்டு எஸ்கார்ட் பேட்ஜ் போட்டுக்கணும், டிஏ இருக்கற இடத்துல மட்டும் இருக்கணும், பசங்களை தனியா டாய்லெட்டுக்கு கூட்டிட்டு போகக்கூடாதுன்னு எழுதி முடிச்சுக்கலாம். உங்களுக்கே டாய்லெட் உதவி வேணும்னா ஸ்டாஃப் டாய்லெட் எதுன்னு முன்னாடியே கேட்டு அதையும் அந்த பேப்பர்லயே சேத்துடுங்க, அன்னிக்கு காலைல வாசல்ல நின்னு பேசிட்டு இருக்க வேணாம்.

மீனா_ஹாரோ:

ஆமா சார், அடல்ட்னுதான் போட்டிருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்.